அக்கா நேர்ந்துகொண்ட அருவிகள்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும், அக்காவின் தெருத் தோழிகளுக்கும், கப்பலூரிலிருந்து வந்திருக்கும் மச்சானின் பட்டறை நண்பர்களுக்கும் வணக்கம். அக்கா எங்களை விட்டுப் போய் ஒரு வருடம் ஓடிவிட்டது. அட்டையில் இருக்கும் படத்தைப் பார்த்து, எந்த ஸ்டூடியோவில் எடுத்தது என்று சிலர் கேட்டீர்கள். அக்காவுக்குப் பின்னால் வெள்ளையாகத் தெரிவது ஸ்டூடியோ திரை இல்லை. அது தண்ணீர். சுருளி அருவியின் தண்ணீர்.

நான் அக்காவின் ஒரே தம்பி. பழங்காநத்தத்தில் சுற்றுலா வேன் ஓட்டுகிறேன். எழுதிப் பழக்கமில்லை. படிப்பவர்கள் மனம் ஆறுகிற மாதிரி நாலு வரி எழுது என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னார்கள். எனக்கே ஆறவில்லை, நான் யாரை ஆற்றுவது? ஆறாத மனதோடுதான் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது கொட்டாம்பட்டிக்கு உள்ளே தள்ளி இருக்கும் எங்கள் ஊரில். மானாவாரி நிலத்தில் கடலை போட்டுப் பிழைத்த குடும்பம். மழை பொய்த்த வருடங்களில் அக்கா களையெடுக்கக் கூலிக்குப் போய்த்தான் என்னைப் படிக்க வைத்தார். ஊருக்கு மேற்கே ஒரு கரடு இருந்தது. பெரிய மலையெல்லாம் இல்லை, வெறும் பாறைக்குன்று. சாயங்காலம் அதன் நிழல் எங்கள் வீட்டு வாசல் வரை வரும். அக்காவுக்குக் கல்யாணம் ஆகிச் சில வருடத்தில் அந்தக் கரட்டைக் கல்லுக்காக அறுக்க ஆரம்பித்தார்கள். தீபாவளிக்கு ஊருக்கு வந்த அக்கா வாசலில் நின்று மேற்கே பார்த்தார். கரடு நின்ற இடத்தில் குழி இருந்தது, குழிக்குள் பச்சைத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது.

"மலைன்னா நம்மளுக்குப் பின்னாடியும் நிக்கும்னு நெனச்சேன்டா. அதுவும் போயிருது. இருக்கும்போதே பாத்துறணும்" என்றார். அன்று அக்கா அழுததை நான் பார்த்தேன். கல்லுக்கு யாராவது அழுவார்களா என்று எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இப்போது வரவில்லை.

மச்சான் நல்லவர். அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். கப்பலூரில் லேத் பட்டறை வைத்து, இரும்புத்தூளோடு தூளாக உழைத்தவர். குடிப்பழக்கம் கிடையாது. கை நீட்டியது கிடையாது. சாமி பக்தி மட்டும் அளவுக்கு மிஞ்சியது. பழங்காநத்தத்தில் அவர்கள் குடியிருந்த வீட்டில் எந்த ஜன்னலைத் திறந்தாலும் எதிர்வீட்டுச் சுவர்தான் தெரியும். கல்யாணமான புதிதில் அக்கா ஒருநாள் கேட்டிருக்கிறார், "குத்தாலத்துல சீசன் நல்லாருக்காம். ஒருநா போயிட்டு வருவமா?"

"தண்ணியப் பாக்கவா அம்புட்டுத் தூரம்? கொழாயத் தொறந்தா வருது" என்றாராம் மச்சான்.

இதற்கு மேல் என்ன பேச? பிறகு மகளுக்குக் கைக்குழந்தையில் கடுமையான காய்ச்சல் வந்தது. பிழைத்தால் சுருளிக்கு வந்து பொங்கல் வைக்கிறேன் என்று அக்கா நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்தாள். நேர்த்திக்கடனை முடிக்க என் வண்டியில்தான் போனோம். பொங்கலை வைத்துவிட்டு அக்கா அருவிக்குக் கீழே போய் நின்றார். நின்றார், நின்றார், கூப்பிடக் கூப்பிட வரவில்லை. வெளியே வந்தபோது முகம் மட்டும் வேறு மாதிரி இருந்தது. அப்போது எடுத்த படம்தான் அட்டையில் இருப்பது.

அன்றைக்கு அக்கா ஒன்றைக் கண்டுகொண்டார். ஊர் சுற்றலாம் என்றால் அசையாத மனிதர், நேர்த்திக்கடன் என்றால் பட்டறையைப் பூட்டிவிட்டு வந்து நிற்கிறார். அடுத்த வருடம் மச்சானுக்கு முதுகுவலி வந்தபோது அக்கா சொன்னார், "ஒங்க முதுகுக்காகத் தெக்க ஒரு அய்யனாருக்கு நேந்திருக்கேன்."

மச்சான் அந்த நிமிஷமே எனக்குப் போன் போட்டார். "மாப்ள, சாமி காரியம். தள்ளிப்போடக் கூடாது. வண்டி என்னைக்குச் சும்மா நிக்கும்?"

அய்யனாரைப் பார்த்தோம். அதைவிட, அந்த அய்யனாரைச் சுற்றிக் கிடக்கும் தேரிக்காட்டைப் பார்த்தோம். கண்ணுக்கு எட்டிய மட்டும் குங்குமத்தைக் கொட்டிய மாதிரி செம்மண். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார். என்னிடம் மெதுவாகச் சொன்னார், "டேய், நான் ஒண்ணும் நேந்துக்கலடா. இதப் பாக்கணும்னு ரொம்ப நாளா ஆசை. வாயத் தொறந்துறாத." மச்சானின் முதுகு ஒரு மாதத்தில் தானாகச் சரியானது. அய்யனாருக்குத்தான் பேர் போனது.

அதன்பிறகு இது எங்கள் இருவருக்குள் நடந்த வழக்கம். அக்கா முதலில் இடத்தைத் தேர்ந்துகொள்வார். பிறகு என்னிடம் கேட்பார், "அங்கிட்டு ஏதாச்சும் சாமி இருக்காடா?" இல்லாமல் எங்கே போகும்? இந்த நாட்டில் கண்ணுக்கு நிறைவான இடம் எதுவென்றாலும் அங்கே ஒரு சாமி முந்திக்கொண்டு போய் உட்கார்ந்திருக்கிறது. "நம்ம சாமிகளுக்கு ரசனை உண்டுடா" என்பார் அக்கா. அப்படித்தான் கொல்லிமலையில் ஆகாய கங்கை அருவியைப் பார்த்தோம். தனுஷ்கோடியில் இரண்டு கடலும் முட்டிக்கொள்வதைப் பார்த்தோம். பிச்சாவரத்துக்குப் போகச் சிதம்பரத்துக்கு நேர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. மச்சான் பயபக்தியோடு எல்லா இடத்திலும் தேங்காய் உடைத்தார். அக்கா அந்த நேரத்தில் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார்.

இதைத் தப்பு என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளுங்கள். நான் சொல்ல மாட்டேன். என் வண்டியில் ஏறுகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். மலைப்பாதை வந்தால் வாயைப் பிளந்து தூங்குகிறார்கள், கோயில் வாசல் வந்தால் எழுந்து சீப்பைத் தேடுகிறார்கள். நடுவில் போன மலை, மேகம், பள்ளம் எதுவும் கணக்கில் கிடையாது. அக்கா இருந்தால் விடமாட்டார். முன்சீட்டிலிருந்து திரும்பி, "ஏய், எந்திரிங்க! மேகம் நமக்குக் கீழ போகுது, தூங்குறீங்களே, தூங்குமூஞ்சிகளா!" என்று ஒரு சத்தம் போடுவார். எங்கள் அப்பா இறந்த வருடம் அக்கா சாப்பாடு இறங்காமல் கிடந்தார். தனுஷ்கோடிக்குப் போய் வந்த பிறகுதான் சோறு கேட்டார். "அம்புட்டுப் பெரிய கடலுக்கு முன்னால போயி நின்னேன். எம் பாரம் இம்புட்டூண்டாப் போச்சுடா" என்றார். எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு ஒரு வருடத்தை ஓட்ட, அக்காவுக்கு அந்த ஒருநாள் போதுமாக இருந்தது.

மகள் கல்யாணமாகித் துபாய்க்குப் போனாள். அம்மாவை அழைத்துப்போய் உயர உயரக் கட்டடமும் ஆடுகிற நீரூற்றும் காட்டினாள். திரும்பி வந்ததும் எப்படி இருந்தது என்று கேட்டேன். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா எல்லாம் யாரோ கட்டுனது. மனுசன் செஞ்சதப் பாக்கணும்னா நான் கப்பலூர்லயே பாத்துக்குவேன்ல?" என்றார். அந்தப் பயணத்தில் விமானத்தில் பக்கத்து இருக்கையில் வந்த ஆந்திரப் பெண் போனில் ஒரு படம் காட்டியிருக்கிறார். கடப்பைப் பக்கம் கண்டிக்கோட்டா என்ற பழைய கோட்டை. பெண்ணாறு சிவப்புப் பாறையைப் பிளந்துகொண்டு போகிறது. அக்கா அதைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. மகளின் பிரசவம் நல்லபடியாக முடிய அங்கே இருக்கும் பெருமாளுக்கு நேர்ந்திருப்பதாக மச்சானிடம் சொன்னார்.

பிரசவம் முடிந்தது. மச்சானுக்கு அந்த வருடம் பட்டறையில் வேலை கழுத்தை நெரித்தது. "இந்த ஆர்டர் முடியட்டும்" என்றார். பிறகு "சித்திரைத் திருவிழா முடியட்டும்" என்றார். சாமி காரியத்தை அவர் தள்ளிப்போட்டது வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான். அந்த ஒரு தடவைக்குள் அக்காவுக்கு வயிற்றில் வலி வந்தது. கணையத்தில் புற்று, முற்றிவிட்டது என்றார்கள்.

மச்சானைப் பார்க்கச் சகிக்கவில்லை. தலையில் தலையில் அடித்துக்கொண்டார். "நான் தள்ளிப்போட்டேன்ல, அதான் மாப்ள! அந்தப் பெருமாளு கேக்குறாரு. என்னையக் கேட்டிருக்கலாம்ல, அவள ஏன்டா கேக்குறாரு?" மொட்டை போட்டார். சோற்றை விட்டார். மருத்துவமனையில் இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றே மச்சான் தாம்பாளம், தேங்காய், பட்டு எல்லாம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அவர் மட்டும் போய்க் கடனை முடித்துவிட்டு வருவாராம், முடித்தால் அக்கா எழுந்துவிடுவாராம். இல்லாத நேர்த்திக்கடனுக்காக இந்த மனிதர் கிளம்பிப் போய், அந்த நேரத்தில் அக்காவின் மூச்சு நின்றுவிட்டால்? உண்மையைச் சொன்னாலோ அதைவிட ஆபத்து. பொய் நேர்த்தியால்தான் அக்காவுக்கு இப்படி ஆனது என்று முடிவுகட்டி, மனிதர் எங்காவது போய் விழுந்துவிடுவார்.

அக்கா கட்டிலில் கிடந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார், "நேந்தவ நாந்தேன். நான் வந்தாத்தான் கடன் தீரும். நானும் வாரேன்."

"ஒனக்குப் பயணம் தாங்காதுன்னு டாக்டரு சொல்லிருக்காருடி" என்றார் மச்சான்.

"இங்க கெடந்தா மட்டும் தாங்குமா?" என்றார் அக்கா.

வேனின் பின்சீட்டுகளைக் கழற்றி மெத்தை போட்டோம். தெருவில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மா, கேட்காமலே மருந்துப் பையோடு வந்து ஏறிக்கொண்டார். விடிவதற்குள் கிளம்பினோம். இத்தனை வருடம் வண்டி ஓட்டியிருக்கிறேன், ஒரு பள்ளம் மேட்டுக்கு அப்படிப் பயந்ததில்லை. ஒவ்வொரு குலுக்கலுக்கும் பின்னாலிருந்து அக்காவின் முனகல் கேட்டது. திருப்பிவிடலாமா என்று நான் கேட்கும்போதெல்லாம், "ஓட்டுடா" என்ற ஒரே வார்த்தைதான் வந்தது. வழியில் ஒரு இரவு தங்கி, மறுநாள் மத்தியானத்துக்கு மேல் போய்ச் சேர்ந்தோம்.

கோட்டைக்குள் வண்டி போகிற தூரம் வரை போனோம். அங்கே டீ விற்கும் தெலுங்கு அம்மா அக்காவைப் பார்த்ததும், மறுபேச்சில்லாமல் தன் கயிற்றுக்கட்டிலைக் கொண்டுவந்து போட்டார். மச்சான் தாம்பாளத்தோடு கோயிலைத் தேடி ஓடினார். கோபுரம் இருக்கிற கோயிலுக்குள் போனார், வந்தார். இன்னொரு கோயிலுக்குள் போனார், அதிலிருந்தும் வந்தார். வேர்த்து விறுவிறுத்துப்போய், சின்னப்பிள்ளை மாதிரி அழுதுகொண்டு வந்தார்.

"மாப்ள, சாமி இல்லடா! உள்ள வெறுங்கல்லுடா! ரெண்டு கோயில்லயும் வௌவாதான் கெடக்கு. யாருகிட்டடா கடன முடிக்கிறது? இம்புட்டுத் தூரம் சாகக் கெடக்குறவளக் கூட்டியாந்துட்டு, நான் யாருகிட்டடா கேப்பேன்?"

அக்கா கையை அசைத்துக் கூப்பிட்டார். "என்னங்க, இங்கிட்டு வாங்க. நான் எதுவும் நேந்துக்கல."

"என்ன சொல்ற?"

"பிள்ளைக் காய்ச்சலுக்குச் சுருளிக்கு நேந்தது மட்டுந்தேன் நெசம். மத்ததெல்லாம் பாக்கணும்னு ஆசப்பட்டுச் சொன்னது."

"எம் முதுகு?"

"அது தானாச் சரியாப்போச்சு."

மச்சான் கையிலிருந்த தாம்பாளம் நழுவித் தேங்காய் பாறையில் உருண்டு போனது. "ஏன்டி, சாமிய வச்சா வெளையாண்ட? வாயத் தொறந்து எங்கிட்டக் கேட்டிருந்தா நான் கூட்டிட்டு வந்திருக்க மாட்டேனா?"

"மாட்டீங்க" என்றார் அக்கா.

கோபம் இல்லை, குத்தல் இல்லை. நேரம் என்ன என்று கேட்டால் சொல்கிற மாதிரி சொன்னார். மச்சான் குனிந்து அக்காவைத் தூக்கினார். நான் பிடிக்கப் போனேன், விடவில்லை. அக்கா எலும்பாகத்தான் இருந்தார். பாறை பாறையாக ஏறி, "இம்புட்டுப் பொய்யாடி, இம்புட்டுப் பொய்யாடி" என்று ஏசிக்கொண்டே, அழுதுகொண்டே, விளிம்பு வரை தூக்கிக்கொண்டு போனார்.

அந்தப் பள்ளத்தாக்கை நான் எப்படி எழுத? சூளைச் செங்கல்லை அடுக்கின மாதிரி இரண்டு பக்கமும் சிவந்த பாறை. அடி ஆழத்தில் ஆறு வளைந்து போகிறது. வெயில் இறங்க இறங்கப் பாறை இன்னும் சிவந்தது. அக்கா மச்சானின் தோளில் சாய்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "டேய் தம்பி, நம்ம கரட்ட மிசின வச்சு அறுத்தாங்க, குழியாப்போச்சு. இதையும் அறுத்ததுதான். தண்ணி அறுத்திருக்கு. எம்புட்டு அழகா இருக்கு பாரு" என்றார். வலி என்று அந்த நேரம் முழுக்க ஒரு தடவை கூடச் சொல்லவில்லை. நர்ஸ் அம்மா ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், போடவில்லை.

திடீரென்று மச்சான் பள்ளத்தாக்கைப் பார்த்துக் கத்தினார். "இவள எனக்கு விட்டுரு! இந்த நாட்டுல எங்கெங்க தண்ணி விழுகுதோ, எங்கெங்க மலை நிக்குதோ, அம்புட்டையும் இவளுக்குக் காட்டுறேன்! இது என் நேத்திக்கடன்!"

"யாருக்கு நேந்தீங்க?" என்று அக்கா கேட்டார்.

"தெரியலடி" என்றார் மச்சான்.

நாங்கள் ஊர் திரும்பிச் சில நாட்கள்தான் அக்கா இருந்தார். மகள் துபாயிலிருந்து கைக்குழந்தையோடு வந்து சேர்ந்தாள், பேரப்பிள்ளையை அக்கா பார்த்துவிட்டார். அது ஒன்றாவது நடந்தது. ஒரு மத்தியானம் என்னைக் கூப்பிட்டு, "கர்நாடகாவுல ஜோக் அருவின்னு சொன்னியே, இப்பத் தண்ணி விழுகுமாடா?" என்று கேட்டார். விழும் என்றேன். "நம்ம பாக்காட்டியும் விழுகும்ல?" என்றார். ஆமாக்கா என்று சொல்லிவிட்டு, வெளியே வந்து வண்டிக்குள் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். மறுநாள் காலை, மச்சான் மடியில் தலை வைத்தபடி அக்கா அடங்கிவிட்டார். ஜன்னலுக்கு வெளியே அந்த எதிர்வீட்டுச் சுவர்தான் இருந்தது.

மச்சான் நேர்ந்தது பலிக்கவில்லை, அதனால் கடனும் கிடையாது என்று சொந்தக்காரர்கள் எவ்வளவோ சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. "காட்டுறேன்னு சொன்னேன். காட்ட ஆளில்ல. முடிக்கவும் முடியல, விடவும் முடியல மாப்ள" என்று பட்டறைப் பக்கமே போகாமல் கிடந்தார். மழைக்காலத்தில் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி ஜோக் அருவிக்குப் போய்விட்டார். திரும்பி வந்த அன்று, எப்படி இருந்தது மச்சான் என்று கேட்டேன்.

"விழுகுது மாப்ள. நாலாப் பிரிஞ்சு விழுகுது. பாத்தவுடனே பக்கத்துல திரும்பினேன். யார்ட்டடா சொல்றது?"

அக்காவின் ரகசியத்தை இப்படி அச்சில் ஏற்றலாமா என்று யாரும் என்னிடம் சண்டைக்கு வர வேண்டாம். மச்சானிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். "எல்லாத்தையும் எழுது. நான் கூட்டிட்டு வந்திருக்க மாட்டேன்னு அவ சொன்னதையும் எழுது. அது நெசம்" என்றார்.

எங்களோடு வந்து இரவும் பகலும் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்த நர்ஸ் அம்மாவுக்கு நாங்கள் என்ன கைம்மாறு செய்வோம்? மொழி தெரியாத எங்களுக்குக் கட்டிலைக் கொடுத்து, எங்களோடு அழவும் செய்த அந்த டீக்கடை அம்மாவுக்கு இந்த மலர் போய்ச் சேராது. அவர் எங்கிருந்தாலும் நல்லா இருக்க வேண்டும். கடைசி நாட்களில் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாமலே வேளாவேளைக்குச் சோறு வந்தது. கொடுத்த தெருக்காரப் பெண்கள் எல்லோருக்கும், தூக்கிச் சுமந்த பட்டறைப் பையன்களுக்கும், துக்கத்தில் கூடவே இருந்த உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அந்தத் தெருக்காரப் பெண்களுக்கு மட்டும் இன்னும் ஒரு வார்த்தை. பதினாறாம் நாள் வந்து உட்கார்ந்திருந்தபோது, நாங்களும் ஒரு அருவியைக் கூடப் பார்த்ததில்லை என்று உங்களுக்குள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. என் வண்டி பழங்காநத்தத்தில்தான் நிற்கிறது. நேர்த்திக்கடன் இருக்கிறது என்று உங்கள் வீட்டில் சொல்லிவிட்டு வாருங்கள். எந்தச் சாமிக்கு என்று நான் கேட்க மாட்டேன். மச்சானும் முன்சீட்டில் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார், காட்டுவதற்கு அவருக்கு ஆள் வேண்டும்.